பழைய வொர்க்ஸ்டேஷன் பூட் ஆகவில்லையா? கெர்னலைத் திட்டும் முன் ஒரு முழு வழிகாட்டி, உப்புக் காற்று ஊரிலிருந்து

மண்டபத்தில் என் வீட்டு மாடியில் ஸ்பார்க்ஸ்டேஷன் 5 என்ற பழைய சன் யூனிக்ஸ் மெஷின் ஒன்று இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஆன் செய்தால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பாதி ஏறி, பேனிக் அடித்து, அதாவது இனி ஓட முடியாது என்று தானே நின்று, விழும். அதே மெஷின், அதே டிஸ்க், மதியம் ரெண்டு மணிக்குப் போட்டால் சமர்த்தாக லாகின் கேட்கும். நான் மூன்று முறை சோலாரிஸை (சன்னின் யூனிக்ஸ்) மறுபடி இன்ஸ்டால் செய்தேன். மூன்று முறையும் மதியத்தில் செய்தேன் என்பதுதான் வேடிக்கை. மறுநாள் காலையில் திரும்பவும் பேனிக்.

காரணம் கடைசியில் மெமரி சாக்கெட்டில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சி கரைசலாகிவிடும். நம் கடற்கரையில் ராத்திரி அந்த அளவைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. விடியற்காலையில் பின்களுக்கு நடுவே ஈரமான உப்பு நின்று கரண்டைக் கசியவிடுகிறது, வெயில் ஏறினால் காய்ந்து போகிறது, மெஷின் சரியாகிவிடுகிறது. பகலில் போட்டுகளின் வயர்லெஸ் செட்டும் எக்கோ சவுண்டரும் பழுது பார்க்கிறவன் நான், இதே கோளாறை அந்தப் போர்டுகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஆனாலும் "கெர்னல் பேனிக்" என்ற ரெண்டு வார்த்தை திரையில் வந்ததும் புத்தி சாஃப்ட்வேர் பக்கம் போய்விட்டது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பிடிவாதத்தில் எழுதியது: கெர்னல் விழுந்தது என்பதற்காக கெர்னல்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். புரோமில் (போர்டில் இருக்கும் நிரந்தர நினைவகச் சிப்) இருக்கும் ஃபர்ம்வேர், அதாவது மெஷினை முதலில் எழுப்பும் சின்ன நிரல், மெஷினை மேலோட்டமாகத்தான் தொட்டுப் பார்க்கும். மெமரி முழுவதையும், டிஸ்க்கை வேகமாகவும், இன்டரப்ட்டுகளை (சாதனங்கள் சிபியுவைக் கூப்பிடும் சிக்னல்) உண்மையாகவும் வேலை வாங்குகிற முதல் ஆள் கெர்னல். எங்கே பலவீனம் இருந்தாலும் அது ஏறும்போதுதான் வெளியே வரும்.

ஒரு முன்குறிப்பு. கட்டளைகளை எல்லாம் வாயால் சொல்வதுபோல் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். நடுவில் கோடு இருந்தால் கோடும், கேள்விக்குறி இருந்தால் அதுவும் கட்டளையின் பகுதிதான். பெரும்பாலும் சன் மெஷின்களை வைத்துச் சொல்கிறேன், மற்ற யூனிக்ஸ் மெஷின்களான எஸ்ஜிஐ, டெக் ஆல்ஃபா, எச்பி பற்றிப் பின்னால் வருகிறது.

படி 1: எந்த வரியில் நின்றது?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். திரையை ஃபோனில் வீடியோ எடுங்கள். கடைசி வரி எது, அதற்கு முந்தின வரி எது என்று பேப்பரில் எழுதுங்கள். சன் மெஷினில் பூட் ஆவது ஒரு படிக்கட்டு மாதிரி. முதலில் சுயசோதனை, அப்புறம் ஓபன்பூட்டின் (சன்னின் ஃபர்ம்வேர்) பேனர் (மெஷின் பெயர், மெமரி அளவு, ஈதர்நெட் முகவரி), அப்புறம் 'பூட் டிவைஸ்' என்று ஒரு நீளமான பாதை. அதன்பின் டிஸ்க்கின் முதல் செக்டார்களில் இருக்கும் பூட் பிளாக் ஏறி, அது 'யுஎஃப்எஸ்பூட்' என்ற லோடரை ஏற்றுகிறது. இந்த நேரத்தில் ஒரு சின்னக் கோடு சுற்றிக்கொண்டிருக்கும். 'சன்ஓஎஸ் ரிலீஸ்' என்ற வரி (சோலாரிஸும் தன்னைச் சன்ஓஎஸ் என்றுதான் சொல்லிக்கொள்ளும்) எப்போது வருகிறதோ, அப்போதுதான் கெர்னல் கையில் பொறுப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆக, பேனரே வரவில்லை என்றால் பவர், மெமரி, சிபியு. பேனர் வந்து 'கான்ட் ஓபன் பூட் டிவைஸ்' என்றால் டிஸ்க் கண்ணில் படவில்லை. 'பேட் மேஜிக் நம்பர் இன் டிஸ்க் லேபிள்' என்றால் டிஸ்க் பேசுகிறது, ஆனால் முதல் செக்டாரில் சன் லேபிள் இல்லை. 'தி ஃபைல் ஜஸ்ட் லோடட் டஸ் நாட் அப்பியர் டு பி எக்ஸிக்யூட்டபிள்' என்றால் லேபிள் சரி, பூட் பிளாக் சரியில்லை. சுற்றுகிற கோடு பாதியில் உறைந்தால் டிஸ்க்கில் கெட்ட இடம், அல்லது கேபிள். 'சன்ஓஎஸ் ரிலீஸ்' வரிக்கு அப்புறம் விழுந்தால் மட்டும்தான் கெர்னல் பக்கம் பார்க்க வேண்டும், அதிலும் பாதி நேரம் மெமரியாகத்தான் இருக்கும்.

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு. "பூட் ஆகல அண்ணே" என்றுதான் எல்லாரும் வருவார்கள். எந்த வரியில் என்று கேட்டால் முழிப்பார்கள்.

படி 2: சீரியல் கேபிள் ஒன்று சம்பாதியுங்கள்

பழைய மெஷின், பழைய கீபோர்டு, எட்டுப் பின் உருண்டைக் கனெக்டர், 13டபிள்யூ3 மானிட்டர் கேபிள் என்று தேடி அலைவதைவிட ஒரு யுஎஸ்பி சீரியல் அடாப்டரும் நல்-மோடம் கேபிளும் (அனுப்பும், வாங்கும் கம்பிகள் குறுக்காக மாறியது) மலிவு. சன் மெஷினை ஆன் செய்யும்போது கீபோர்டு மாட்டியிருக்கவில்லை என்றால் அது தானாகவே முதல் சீரியல் போர்ட்டுக்குக் கன்சோலை மாற்றிக்கொள்ளும். வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். லேப்டாப்பில் மினிகாம் போன்ற ஏதாவது ஒன்றில் லாக் எடுத்து வைத்துக்கொண்டால், திரையில் ஓடி மறைகிற வரிகள் எல்லாம் கோப்பில் நிற்கும்.

ஓபன்பூட்டின் 'ஓகே' பிராம்ப்ட்டுக்குப் போக, சன் கீபோர்டில் ஸ்டாப் கீயையும் ஏ கீயையும் சேர்த்து அழுத்துங்கள், சீரியலில் என்றால் பிரேக் சிக்னல் அனுப்புங்கள். இதில் ஒரு குழி உண்டு. சீரியல் கேபிளை ஓடும் மெஷினிலிருந்து பிடுங்கினாலோ, மறுமுனையில் இருக்கும் கருவியை அணைத்தாலோ மெஷின் அதையும் பிரேக் என்று எடுத்துக்கொண்டு ஓகே பிராம்ப்ட்டில் நின்றுவிடலாம். ராத்திரி கரண்ட் போய் லேப்டாப் அணைந்து, காலையில் வந்து பார்த்தால் மெஷின் ஓகே என்று நிற்கும், நாமும் "கெர்னல் செத்துப்போச்சு" என்று நினைப்போம். 'கோ' என்று அடியுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அங்கே போனதும் முதல் வேலை 'செட்என்வ் ஆட்டோ-பூட்? ஃபால்ஸ்', அப்புறம் 'ரீசெட்'. இப்படிச் செய்தால் மெஷின் தானாக பூட் ஆகப் போகாமல் நிற்கும். ஒருமுறை கெர்னல் ஓடிய பிறகு டிஸ்க்கைத் தேடச் சொன்னால் சில மெஷின்கள், குறிப்பாக அல்ட்ரா வரிசை, தொங்கிவிடும். சுத்தமான ரீசெட்டுக்கு அப்புறம்தான் தேடலை நம்ப வேண்டும்.

படி 3: பவரும் உப்பும்

மல்டிமீட்டரை எடுங்கள். டிஸ்க்குக்குப் போகும் நாலு கம்பிக் கனெக்டரில் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு ரெண்டும் கிரவுண்டு. 5 வோல்ட் வரி 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும். டிஸ்க் இல்லாமல் அளந்தால் போதாது, டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் அந்த நிமிடத்தில் அளக்க வேண்டும். பழைய கெப்பாசிட்டர்கள் சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளை, பாரம் ஏறினால் படுத்துவிடும். சாயங்காலம் நம் ஊர் லோ வோல்டேஜ் நேரத்தில் மட்டும் விழுகிற மெஷினுக்கு முதல் சந்தேகம் இங்கேதான்.

அடுத்தது உப்பு. பாம்பன் பாலத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கடற்கரை இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெமரி ஸ்லாட், ஸ்கஸி கனெக்டர் (டிஸ்க் கேபிள் மாட்டும் இடம்), எஸ்பஸ் கார்டு (சன்னின் கூடுதல் கார்டு), என்விராம் சாக்கெட் (செட்டிங்கை வைத்திருக்கும் பேட்டரிச் சிப்), இந்த நாலையும் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் சொல்லவே வேண்டாம், ஆனால் பளிச்சென்று இருந்தாலும் நம்பாதீர்கள்.

இப்போது பெரும்பாலானோர் செய்கிற தப்பு: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றித் தேய்ப்பது. ஆல்கஹாலில் எண்ணெய்ப் பிசுக்கும் ஃபிளக்ஸும் கரையும், உப்பு ஏறக்குறைய கரையவே கரையாது. அழுக்கு போய் போர்டு பளபளப்பாகிவிடும், உப்பு அப்படியே இருக்கும். உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும். அதற்காகக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவிடாதீர்கள், நம் பக்கத்து போர் தண்ணீரே கடலுக்குச் சொந்தக்காரன். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் பேட்டரிக்கு ஊற்ற விற்கிற டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்குங்கள். ஆசிட் கலந்தது அல்ல, வெறும் தண்ணீர்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

பவர் சப்ளையையும் டிஸ்க்கையும் தள்ளி வைத்துவிட்டு, மெமரி, கார்டுகள், என்விராம் சிப் எல்லாவற்றையும் கழற்றுங்கள். எது எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று ஃபோட்டோ. டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் சாக்கெட்டுகளைக் கழுவுங்கள், புதுத் தண்ணீரில் ரெண்டாம் முறை, அப்புறம்தான் ஆல்கஹால். அது மிச்சத் தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடும். காயவைப்பதற்கு மாடி வெயிலில் கருவாடு மாதிரி பரப்பி வைக்காதீர்கள், முப்பது வருட பிளாஸ்டிக் நெளிந்துவிடும், அதோடு கடல் காற்று திரும்பவும் உப்பைக் கொண்டு வந்து தூவிவிட்டுப் போகும். அறைக்குள் ஃபேனுக்கு அடியில் ரெண்டு நாள். அவசரப்பட்டு ஒரே நாளில் போட்டு ஒரு எஸ்பஸ் கார்டைப் பறிகொடுத்தவன் சொல்கிறேன்.

மெமரியின் தங்க விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்க்கலாமா என்று கேட்பார்கள். நான் தேய்ப்பதில்லை. தங்க முலாம் மெல்லியது, அது போனால் அடியில் இருக்கும் உலோகம் நம் ஊர்க் காற்றில் ரொம்ப நாள் தாங்காது. காண்டாக்ட் கிளீனர், பஞ்சு, பொறுமை. அப்புறம் ஒவ்வொரு மெமரியையும் நாலைந்து முறை போட்டு எடுங்கள், சாக்கெட்டின் உள்பக்கம் தானே உரசிச் சுத்தமாகும்.

கழுவிக் காய்ந்ததும் ஒரே ஒரு ஜோடி மெமரியோடு ஆன் செய்து பாருங்கள் (தனியாக ஒன்றே ஏற்கிற மெஷினில் ஒன்று). 'செட்என்வ் டயக்-ஸ்விட்ச்? ட்ரூ' போட்டு பவரை அணைத்து ஆன் செய்தால் நீளமான சுயசோதனை ஓடும், விவரம் சீரியலில் கொட்டும். சோதனை முடிந்ததும் மறக்காமல் ஃபால்ஸ் ஆக்குங்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

'வாட்ச்டாக் ரீசெட்' என்று வந்து ஓகே பிராம்ப்ட்டில் விழுந்தால் அதுவும் பெரும்பாலும் ஹார்ட்வேர்தான். ஒவ்வொரு மெமரியாக மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். முகவரி ஒவ்வொரு தடவையும் மாறி மாறி வரும் பேனிக் என்றால் மெமரி, சிபியு, பவர். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே டிரைவர் பெயரோடு வரும் பேனிக் என்றால் அந்த டிரைவரும் அது பேசுகிற கார்டும். இந்த ஒரு பாகுபாடு எனக்கு எத்தனையோ ராத்திரிகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

படி 4: செத்துப்போன என்விராம்

சன் மெஷின் வாங்குகிற எல்லாரும் சந்திக்கிற கதை இது. ஸ்பார்க்ஸ்டேஷன் 2, ஐபிசி, ஐபிஎக்ஸ் மாதிரியானவற்றில் எம்48டி02, ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 10, 20இல் எம்48டி08, அல்ட்ரா 5, 10இல் எம்48டி59 என்று ஒரு சிப். கடிகாரம், செட்டிங், ஈதர்நெட் முகவரி எல்லாம் அதற்குள்ளே. பேட்டரியும் சிப்பின் தலையிலேயே வைத்து மூடப்பட்டிருக்கும், மாற்றுவதற்கென்று வழி வைக்கவில்லை. பத்து வருடம் வரும் என்று செய்தது, இன்று முப்பது வருடம் ஆகிறது.

அது செத்தால் பேனரில் 'ஐடிபுரோம் கன்டென்ட்ஸ் ஆர் இன்வாலிட்' என்று வரும், ஈதர்நெட் முகவரி எல்லாம் எஃப்எஃப் என்று இருக்கும். செட்டிங் குழம்பி டயக்-ஸ்விட்ச் ட்ரூ ஆகிவிட்டால் மெஷின் டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வொர்க்கில் பூட் ஆகப் பார்க்கும். 'டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் ஏஆர்பி/ஆர்ஏஆர்பி பாக்கெட்' என்று முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். இதைப் பார்த்து டிஸ்க் போச்சு, கெர்னல் போச்சு என்று மெஷினையே பழைய இரும்புக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஸ்டாப்-ஏ அழுத்தி 'பூட் டிஸ்க்' என்று அடித்தாலே பல மெஷின்கள் எழுந்துகொள்ளும்!

முதலில் 'செட்-டிஃபால்ட்ஸ்', அப்புறம் 'செட்என்வ் டயக்-ஸ்விட்ச்? ஃபால்ஸ்'. (கீபோர்டு இருந்தால் ஆன் செய்யும்போது ஸ்டாப்-என் பிடித்தாலும் டிஃபால்ட்டுக்குப் போகும்.) அடுத்தது ஐடிபுரோமை, அதாவது சிப்பில் மெஷினின் அடையாளம் இருக்கும் இடத்தை, நிரப்புவது. இது பதினாறு பைட். ஓபன்பூட்டில் எண்கள் எல்லாம் ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 'எம்கேபி' என்ற சொல் முன்னால் இருக்கும் ரெண்டு எண்களை எடுத்து, முதல் எண்ணை ரெண்டாம் எண் சொல்லும் இடத்தில் எழுதும்.

1 0 எம்கேபி
ரியல்-மெஷின்-டைப் 1 எம்கேபி
8 2 எம்கேபி
0 3 எம்கேபி
20 4 எம்கேபி

இதில் 8, 0, 20 என்பது சன் நிறுவனத்துக்கான ஈதர்நெட் முன்னொட்டு. அடுத்த மூன்று பைட்டை 5, 6, 7 ஆம் இடங்களில் போடுங்கள். சிப்பின் மேல் ஒட்டியிருக்கும் பார்கோடு ஸ்டிக்கரில் ஆறு எழுத்து இருந்தால் பெரும்பாலும் அதுதான் அந்த மூன்று பைட். ஸ்டிக்கர் போயிருந்தால் உங்கள் இஷ்டம், வீட்டு நெட்வொர்க்கில் ரெண்டு மெஷினுக்கு ஒரே முகவரி வராமல் பார்த்துக்கொண்டால் சரி. 8 முதல் பி வரை நாலு இடத்துக்கும் 0. சி, டி, இ இடங்களில் அதே மூன்று பைட்டைத் திரும்பப் போடுங்கள். கடைசியாக சரிபார்ப்பு எண்:

0 எஃப் 0 டூ ஐ ஐடிபுரோம்@ எக்ஸோர் லூப் எஃப் எம்கேபி

ஸ்டாக்கில் ஒரு பூஜ்யத்தை வைத்து, 0 முதல் இ வரை ஒவ்வொரு பைட்டையும் அதோடு எக்ஸோர் செய்துகொண்டே போய், வந்த விடையை எஃப் என்ற கடைசி இடத்தில் எழுது என்பதுதான் இதன் அர்த்தம். 'பேனர்' அடித்துப் பாருங்கள், முகவரி சரியாக வர வேண்டும். ஸ்பார்க்ஸ்டேஷன் 2, ஐபிஎக்ஸ் போன்ற பழைய சன்4சி மெஷின்களில் 'ரியல்-மெஷின்-டைப்' என்பதற்குப் பதில் எண்ணையே கொடுக்க வேண்டும்: ஸ்பார்க்ஸ்டேஷன் 2க்கு 55, ஐபிஎக்ஸுக்கு 57. இந்த எண் தப்பானால் சில கெர்னல்கள் தாங்கள் எந்த மெஷினில் இருக்கிறோம் என்றே தெரியாமல் விழும்.

பேட்டரி செத்திருக்கும்வரை கரண்ட் போனால் இதெல்லாம் அழியும். நிரந்தரத் தீர்வு, சிப்பின் பக்கவாட்டில் எபாக்ஸியைச் சுரண்டி உள் பேட்டரிக்குப் போகும் கம்பியை அறுத்துவிட்டு சிஆர்2032 ஹோல்டர் ஒன்றைச் சால்டர் செய்வது. கை நடுங்காதவர்கள் அரை மணி நேரத்தில் முடிப்பார்கள். புது சிப் என்று ஆன்லைனில் விற்பதை வாங்குவதாக இருந்தால் தயாரிப்புத் தேதிக் குறியீட்டைப் பாருங்கள், பெட்டிக்குள் தூங்கியே பேட்டரி தீர்ந்துபோன சிப்பும் புதுசு என்றுதான் வரும். ஹோல்டர் வைத்ததும் சால்டர் செய்த இடத்தில் கன்ஃபார்மல் கோட்டிங்கோ (போர்டில் ஈரம் படாமல் காக்கும் பூச்சு), அது இல்லையென்றால் நகப்பூச்சோ தடவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கச்சான் காற்றுக்குள் பச்சை பூத்துவிடும்.

படி 5: ஸ்கஸி

'புரோப்-ஸ்கஸி' அல்லது 'புரோப்-ஸ்கஸி-ஆல்' அடியுங்கள். சன் ஸ்பார்க்ஸ்டேஷன்களில் கன்ட்ரோலர் ஐடி 7, பூட் டிஸ்க் வழக்கமாக 3, சிடிராம் 6. டிஸ்க் பட்டியலில் வரவில்லை என்றால் கேபிள், ஐடி, டெர்மினேஷன் (கேபிள் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுப்பது) என்ற வரிசையில் பாருங்கள். செயினின் ரெண்டு முனையிலும் டெர்மினேட்டர் வேண்டும், நடுவில் கூடாது. ஒரே டிஸ்க் ஏழு ஐடியிலும் இருப்பதாகக் காட்டினால், அந்த டிஸ்க்குக்குக் கன்ட்ரோலரின் ஐடியையே கொடுத்துவிட்டீர்கள் என்று சந்தேகப்படுங்கள்.

பழைய சன்ஓஎஸ் 4 ஆசைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் ஜெனரிக் கெர்னலில் டார்கெட் (ஸ்கஸி ஐடி) 3தான் 'எஸ்டி0', டார்கெட் 0 'எஸ்டி3'. பிசி பழக்கத்தில் டிஸ்க்கை ஐடி 0இல் வைத்தால் புரோம் கண்டுபிடிக்கும், கெர்னல் ஏறும், ரூட்டை (இயங்குதளம் இருக்கும் முதன்மைப் பகுதி) மட்டும் தப்பான இடத்தில் தேடும்.

சிடியிலிருந்து பூட் ஆகவில்லையா? பழைய சன், எஸ்ஜிஐ போன்றவற்றுக்கு 512 பைட் பிளாக்கில் படிக்கக்கூடிய சிடி டிரைவ் வேண்டும். பிசி ஸ்கஸி டிரைவ் பட்டியலில் அழகாக வரும், பூட் மட்டும் ஆகாது. இதோடு பழைய புரோம்களுக்கு டிஸ்க்கின் முதல் 1 ஜிபிக்கு அப்பால் இருக்கும் ரூட் பகுதியிலிருந்து பூட் செய்யத் தெரியாது. 36 ஜிபி டிஸ்க்கை மாட்டி ஒரே பார்ட்டிஷனாகப் போட்டுவிட்டு, கெர்னல் கோப்பு தள்ளிப் போய் உட்கார்ந்த பிறகு திடீரென்று ஒருநாள் பூட் ஆகாமல் போவது இதனால்தான். ரூட்டைச் சின்னதாக முன்னாலேயே வையுங்கள்.

சுழலும் டிஸ்க்கை நம் ஊரில் இனி நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. புளூஸ்கஸி, ஸ்கஸி2எஸ்டி மாதிரி ஸ்கஸி டிஸ்க் போல நடிக்கும் போர்டு ஒன்றை வாங்கி எஸ்டி கார்டில் இமேஜ் வையுங்கள். புளூஸ்கஸியில் கோப்புப் பெயரிலேயே ஐடி இருக்கிறது, எச்டி30 என்று தொடங்கினால் டார்கெட் 3. ஆனால் அதற்கு முன் பழைய டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே 'டிடி' கட்டளையில் 'நோஎரர்,சிங்க்' போட்டு முழு இமேஜ் எடுத்துவிடுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் அந்தக் காப்பியின் மேல்தான்.

படி 6: இப்போது கெர்னல்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் 'சன்ஓஎஸ் ரிலீஸ்' வரிக்கு அப்புறம் விழுகிறதா, சரி, வாருங்கள். முதலில் 'பூட் -வி'. எந்த டிவைஸைத் தேடும்போது நிற்கிறது என்று தெரியும். கடைசியாகப் பெயர் வந்த கார்டைக் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள்.

'பூட் -ஏ' என்பது கேட்டுக் கேட்டு ஏறும். கெர்னல் பெயர் என்ன, சிஸ்டம் கோப்பு எது, ரூட் எது என்று கேட்கும். '/இடிசி/சிஸ்டம்' கோப்பில் யாரோ ஏதோ டியூனிங் எழுதி வைத்துக் கெடுத்திருக்கலாம். சிஸ்டம் கோப்பு கேட்கும் இடத்தில் '/டெவ்/நல்' என்று கொடுங்கள், மற்றதற்கெல்லாம் என்டர். எழுந்துவிட்டால் குற்றவாளி அந்தக் கோப்புதான். ஒரு மெஷினின் டிஸ்க்கை இன்னொன்றில் மாட்டியிருந்தால் 'பூட் -ஏஆர்' போட்டு, டிவைஸ் பட்டியலைப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள்.

'விஎஃப்எஸ்_மவுன்ட்ரூட்: கேனாட் மவுன்ட் ரூட்' என்று பேனிக் வந்தால் கெர்னல் நல்லாத்தான் இருக்கிறது, ரூட் ஃபைல்சிஸ்டத்தைத்தான் அதனால் திறக்க முடியவில்லை. கரண்ட் கட்டுக்குப் பிறகு இது வருவது சகஜம். 'பூட் சிடிராம் -எஸ்' போட்டு உள்ளே போய், டார்கெட் 3 டிஸ்க்கின் முதல் ஸ்லைஸ் என்றால் 'எஃப்எஸ்சிகே /டெவ்/ஆர்டிஎஸ்கே/சி0டி3டி0எஸ்0'. சூப்பர்பிளாக் (ஃபைல்சிஸ்டத்தின் அடிப்படை விவரம் இருக்கும் இடம்) கெட்டிருக்கிறது என்றால் '-ஓ பி=32' சேர்த்து மாற்றுப் பிரதியைக் காட்டுங்கள். பூட் பிளாக் மட்டும் போயிருந்தால் அங்கிருந்தே 'இன்ஸ்டால்பூட்' கட்டளையால் திரும்ப எழுதலாம், மெஷினுக்குரிய 'பூட்பிளாக்' கோப்பு '/யுஎஸ்ஆர்/பிளாட்ஃபார்ம்' அடியில் இருக்கிறது. சோலாரிஸ் 7 முதல் யுஎஃப்எஸ்ஸுக்கு (சோலாரிஸின் ஃபைல்சிஸ்டம்) லாகிங், அதாவது மாற்றங்களை முதலில் குறித்து வைக்கும் வசதி, உண்டு, 'விஎஃப்எஸ்டேப்' கோப்பில் மவுன்ட் ஆப்ஷனாக 'லாகிங்' என்று சேர்த்துவிட்டால் அடுத்த கரண்ட் கட்டுக்கு இந்த அவஸ்தை குறையும்.

இன்னொன்று, வெர்ஷன் பொருந்தாமை. ஸ்பார்க்ஸ்டேஷன் 2, ஐபிஎக்ஸ் வகைக்கு சோலாரிஸ் 7தான் கடைசி. ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 20க்கு சோலாரிஸ் 9. சன்னின் ஸ்பார்க் மெஷின்களில் சோலாரிஸ் 10 அல்ட்ராஸ்பார்க் வகையில் மட்டும்தான் ஓடும். அல்ட்ராவில் சன்ஓஎஸ் 4 ஓடவே ஓடாது. இது கோளாறே இல்லை, தப்பான சிடி. எல்லாம் கைவிட்டால் நெட்பிஎஸ்டி என்ற இலவச யூனிக்ஸ் வகை இருக்கிறது, ஹார்ட்வேர் நல்லதா என்று சோதிக்கவாவது அதை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

எஸ்ஜிஐ, ஆல்ஃபா, எச்பி

கீழக்கரையில் ஒரு காக்காவிடம் (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எஸ்ஜிஐ இண்டி இருக்கிறது. "தம்பி, பாட்டு வருது, படம் வரல" என்று ஃபோன் செய்தார். ஆன் செய்ததும் இண்டி வாசிக்கும் அந்தச் சின்ன இசை வந்தால் சுயசோதனை தேறிவிட்டது என்று அர்த்தம். அவருடைய எல்சிடி மானிட்டருக்குப் பச்சை சிக்னலோடு சேர்ந்து வரும் சிங்க் புரியவில்லை, அவ்வளவுதான், மெஷின் உள்ளே முழுதாக பூட் ஆகி லாகின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது! வேறு மானிட்டரை வைத்தோம், அவர் வீட்டில் மதியச் சாப்பாடு எனக்கு.

எஸ்ஜிஐயில் ஸ்கஸி கன்ட்ரோலர் ஐடி 0, டிஸ்க் 1. சன் பழக்கத்தில் 3 வைக்காதீர்கள். மெயின்டனன்ஸ் மெனுவில் ஐந்தாவது, கமாண்ட் மானிட்டர். 'ஹின்வ்' அடித்தால் என்னென்ன இருக்கிறது என்று காட்டும், 'பிரின்ட்என்வ்' அடித்து 'ஓஎஸ்லோடர்' என்பது 'சாஷ்' ஆகவும், 'ஓஎஸ்லோட்ஃபைல்நேம்' என்பது '/யூனிக்ஸ்' ஆகவும் இருக்கிறதா பாருங்கள். 'கன்சோல்' மாறி 'டி' என்று இருந்தால் எல்லாம் சீரியலுக்குப் போகும், திரைக்கு 'ஜி' வேண்டும். ஐரிக்ஸில் (எஸ்ஜிஐயின் யூனிக்ஸ்) புதுக் கெர்னல் கட்டும் முன் '/யூனிக்ஸ்' கோப்பை 'யூனிக்ஸ்.சேவ்' என்று காப்பி எடுத்து வையுங்கள், விழுந்தால் கமாண்ட் மானிட்டரில் 'பூட் யூனிக்ஸ்.சேவ்'. இண்டியின் கெர்னல் ஓ2வில் ஓடாது, டிஸ்க்கைத் தூக்கி மாட்டிவிட்டுத் திட்டாதீர்கள். இண்டிக்கு ஐரிக்ஸ் 6.5.22தான் கடைசி.

ஆல்ஃபாவில் மூன்று அம்புக்குறி பிராம்ப்ட் வந்தால் எஸ்ஆர்எம் கன்சோல். அதற்குப் பதிலாக நீல மெனு வந்தால் அது விண்டோஸ் என்டிக்கான ஃபர்ம்வேர், யூனிக்ஸ் அதிலிருந்து ஏறாது. 'ஷோ டெவ்' போட்டு டிஸ்க் பெயரைப் பாருங்கள். ட்ரூ64இல் (ஆல்ஃபாவுக்கான யூனிக்ஸ்) நீங்கள் கட்டிய கெர்னல் விழுந்தால் 'பூட் -எஃப்ஐ ஜென்விஎம்யூனிக்ஸ்' என்று எல்லா ஹார்ட்வேருக்குமான பொதுக் கெர்னலைக் கூப்பிடுங்கள். எச்பி-யூஎக்ஸில் ஐஎஸ்எல் பிராம்ப்ட்டில் 'எச்பியூஎக்ஸ் /ஸ்டாண்ட்/விஎம்யூனிக்ஸ்.ப்ரெவ்' அதே வேலையைச் செய்யும், எல்விஎம் (டிஸ்க் பகுதிகளை நிர்வகிக்கும் அடுக்கு) குழம்பியிருந்தால் 'எச்பியூஎக்ஸ் -எல்எம்'.

நெட்வொர்க்கில் பூட் செய்வது

சிடி டிரைவும் இல்லை, டிஸ்க்கும் சந்தேகம் என்றால் ஒரு லினக்ஸ் லேப்டாப்போ ராஸ்ப்பெர்ரி பையோ போதும். சன் மெஷின் ஆர்ஏஆர்பியில் (ஈதர்நெட் முகவரியைச் சொல்லி ஐபி கேட்கும் முறை) தன் ஐபியைக் கேட்கும், அப்புறம் அந்த ஐபியையே ஹெக்ஸில் எழுதிய பெயரில் ஒரு கோப்பை டிஎஃப்டிபியில் (எளிய கோப்புப் பரிமாற்ற முறை) கேட்கும். 192.168.1.20 என்றால் கோப்பின் பெயர் சி0ஏ80114, எழுத்தெல்லாம் பெரிய எழுத்தில். ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 20க்கு அதன் பின்னால் புள்ளி வைத்து சன்4எம் என்று சேர்க்க வேண்டும், அல்ட்ராவுக்கு வால் வேண்டாம். பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் மெஷின் மௌனமாக நிற்கும், அதனால் லேப்டாப்பில் டிசிபிடம்ப் (நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் நிரல்) ஓடவிட்டு என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

எஸ்ஜிஐ பூட்பி (ஐபியையும் பூட் கோப்பின் பெயரையும் கேட்டு வாங்கும் முறை) வழியாக ஏறும். அங்கே ஒரு விசித்திரம்: பழைய புரோமின் டிஎஃப்டிபிக்கு 32767க்கு மேற்பட்ட போர்ட் எண் புரியாது. இன்றைய லினக்ஸ் அதற்கு மேல்தான் எண் கொடுக்கும், கோப்பு வர ஆரம்பித்த மாதிரி இருக்கும், நின்றுவிடும். லினக்ஸில் 'ஐபி_லோக்கல்_போர்ட்_ரேஞ்ச்' எல்லையை 2048 முதல் 32767 வரை மாற்றுங்கள், 'ஐபி_நோ_பிஎம்டியு_டிஸ்க்' (கடைசி எழுத்து கே அல்ல, சி) என்பதை 1 ஆக்குங்கள். நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்த இடம் இது.

எழுந்த பிறகு

சோலாரிஸ் 'டிஓடி கிளாக் நாட் இனிஷியலைஸ்டு' என்று சொன்னால் தேதியை வைத்துவிடுங்கள், அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. 'பிரின்ட்என்வ்' வெளியீட்டையும் ஐடிபுரோமின் பதினாறு பைட்டையும் ஒரு பேப்பரில் எழுதி, கவரில் போட்டு மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். மெஷினை ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள், கடல் பக்கம் இல்லாத அறையில், மூடிய அலமாரியில், சிலிகா ஜெல் பையோடு. ஜெல்லை மாதம் ஒருமுறை அடுப்பில் சூடாக்கி உலர்த்தினால் திரும்பப் பயன்படும். வாடைக் காற்று மாதங்களில் நான் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மணி நேரம் மெஷினை ஓடவிடுகிறேன், உள்சூடே ஈரத்தை விரட்டிவிடும்.

என் ஸ்பார்க்ஸ்டேஷன் 5 இப்போது காலை ஆறு மணிக்கும் பூட் ஆகிறது. பக்கத்து வீட்டு மாமா மட்டும் இன்னமும் மாடியை எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, பெட்டி இன்னைக்கு எந்திரிச்சிருச்சா?" என்று கேட்பதை நிறுத்தவில்லை.